சேவுகமூர்த்தியின் தலைக்கு மேல் ஒரு பொட்டு

சேவுகமூர்த்தி உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி வந்து சேர்ந்தபோது பஞ்சவர்ணத்தின் கையில் கேசரி வைத்த வாழையிலைத் துண்டு இருந்தது. மருமகள் உமாராணிதான் சொன்னாள், பந்தியில் நின்று உப்பு வேணுமா என்று கேட்கிற சாதாரணக் குரலில். "அத்தை, சேவுகமூர்த்தி அய்யா வர்றாகளாம். கண்காட்சி சேதியைப் பேப்பர்ல பாத்துட்டு அருள்தாஸ் சாருக்குப் போன் போட்டாகளாம். மக கார்ல கூட்டிட்டு வருதாம், இப்ப வந்துருவாக." சொல்லிவிட்டு அவள் ரிப்பன் கத்தரிக்கோலைத் தேடிப் போய்விட்டாள். பஞ்சவர்ணம் கேசரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் இருந்த முந்திரியை ஒன்றொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தாள், வீட்டில் இருக்கிற தன் வீட்டுக்காரருக்கு முந்திரி ஆகாது, பல்லில் அடைக்கும், எடுத்துப்போவதானால் பொறுக்கிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும், ஆனால் சேவுகமூர்த்தி எப்படி வருவார், அவர்தான் போய்விட்டாரே. போன வெள்ளிக்கிழமை இதே விரலால், இந்த ஆள்காட்டி விரலால், படத்தில் அவர் தலைக்கு மேல் கண்ணாடியில் பொட்டு வைத்தது அவள்தான்.

மானாமதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் அது. மேசைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நாலு சுவரிலும் மாவட்டத்தின் பழைய படங்களை மாட்டியிருந்தார்கள், ஆட்சியர் வந்து ரிப்பன் வெட்டித் திறக்க வேண்டும். ஊர் ஊராகப் போய், பரணிலும் பீரோ அடியிலும் கிடந்ததைக் கேட்டு வாங்கி, பிரதி எடுத்துச் சட்டம் போட்டது கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற அருள்தாஸ் சார். படங்கள் கொடுத்த வீட்டுக்காரர்கள்தான் அந்த வழக்கத்தை ஆரம்பித்துவைத்தார்கள்: போனவர்கள் தலைக்கு மேல் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு, இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை. சாமி கும்பிடாத வீட்டுத் தலைகளுக்கும் துலுக்க வீட்டு, வேதக்கார வீட்டுத் தலைகளுக்கும் பொட்டுக்குப் பதில் ஒரு மல்லிகை மொட்டு. சார் முதலில் தயங்கினார், பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. யார் போனார்கள் யார் இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்பது? நர்சம்மாவைக் கேளுங்கள் என்றார்கள். வேலையில் இருந்த காலத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் நடக்காத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. பிறந்தவர்கள் பாதிப்பேர் அவள் கையில் வழுக்கிக்கொண்டு வந்தவர்கள். படத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் விரலை வைத்துச் சொல்லுவாள்: இது இன்னார், இன்னார் மகன், போயாச்சு, வை பொட்டை. இது இன்னார், இருக்கார், மதுரையில் மக வீட்டில். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அவளும் அந்த வாய்ப்பிளப்பில் கொஞ்சம் மயங்கித்தான் போனாள், ஏனென்றால் அவளுக்கு அது மிகவும் வேண்டியிருந்தது. மூளை நன்றாக இருக்கிறது, பார், ஊர் மொத்தமும் ஞாபகம் இருக்கிறது, நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தது எல்லாரும் மறப்பதுதான், தெரு முக்கில் நின்று எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்தது வெயிலால்தான்.

ஆனால் சேவுகமூர்த்தி செத்தது அவளுக்கு நிச்சயம் தெரியும். அதுதான் பயம். தெரியாமல் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, தப்பு யாருக்கும் வரும் என்று சிரித்துவிடலாம். அந்த எழவுக்கு அவள் போயிருக்கிறாள். ஐப்பசி மழை. வாசலில் ஷாமியானா போட்டு, அது தண்ணீர் கோத்துத் தொப்பை தொப்பையாகத் தொங்கியது. யாரோ கம்பை எடுத்து அதைக் குத்தி நெம்ப, மொத்தத் தண்ணீரும் தப்பான பக்கம் சரிந்து, பெஞ்சில் கிடத்தியிருந்தவரின் கால்மேல் கொட்டிவிட்டது. பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நனைந்து கறுத்தது. ஐயோ நனையுதே, குளிருமே என்று அவள் ஓடிப்போய் முந்தானையால் துடைத்தாள். பாதம் எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. குதிகால் வெடிப்பில் சேறு இருந்தது, அதையும் விரலை விட்டு எடுத்தாள். இவ்வளவு தெரிகிறது, சேவுகமூர்த்தியின் முகம் மழையோடு மழையாக அங்கே தெரிகிறது, இதெல்லாம் பொய்யா? அப்புறம் அவளுக்கே ஒரு சந்தேகம் குறுக்கே வந்து நின்றது: ஊரான் வீட்டுப் பிணத்தின் காலை நான் எதற்கு முந்தானையால் துடைத்தேன்? நர்ஸ் இல்லையா, துடைத்திருப்பேன் என்று பதில் சொல்லிக்கொண்டாள். பதில் சரியாகத்தான் இருந்தது, ஆனால் செருப்புக்குள் விழுந்த கல்லைப்போல உறுத்தியது.

போய் அழித்துவிட வேண்டும். அவர் வருவதற்குள், யாரும் பார்ப்பதற்குள். சேவுகமூர்த்தி நிற்கிற கண்மாய்ப் படம் எதிர்ச் சுவரின் கோடியில் இருந்தது. கூடத்தைக் குறுக்கே வெட்டிப் போகலாம் என்றால் நடுவில் நாற்காலி அடுக்குகிறார்கள், அருள்தாஸ் சார் நிற்கிறார், பார்த்தால் ஏதாவது கேட்பார். சுவரோரமாகப் படம் பார்ப்பவள் மாதிரியே போவது நல்லது. கேசரி இலையை ஒரு நாற்காலியில் வைத்தாள். வைத்த நாற்காலி எது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டாள், இப்போதெல்லாம் அப்படித்தான், எதை எங்கே வைத்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் படம் அரண்மனை தர்பார். தலைப்பாகைகளாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாத் தலைக்கும் பொட்டு, சிவப்பு மழை பெய்தது மாதிரி. அந்தச் சுவர் பெரிய நிம்மதி, அங்கே யாரும் உயிரோடு திரும்பி வந்து மானத்தை வாங்கமாட்டார்கள். அடுத்தது பின்னால் கரி அடுப்பு வைத்து ஓடிய பேருந்து, டிரைவர் அடுப்புக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். அப்புறம் பஞ்சக் காலத்துக் கஞ்சித்தொட்டி, வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் வயிறு. பிள்ளைகள். இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? யாருக்கெல்லாம் நான் பொட்டு வைத்தேன்? அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். மூன்றாவது பையனுக்குப் பொட்டு இருந்தது. யார் இவன்? போன வாரம் பெயரோடு சொன்னாளே. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று உதட்டை அசைத்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. சரி போகட்டும், சின்னப் பையன், யாருக்குத் தெரியும் என்று நகர்ந்தாள். இவனும் உயிரோடு இருந்தால்? இந்தக் கூடம் முழுக்க உயிரோடு இருக்கிறவர்களைக் கொன்று வைத்திருக்கிறேனா?

அக்காவுக்கும் இப்படித்தான் பெயரில் ஆரம்பித்தது. முதலில் பெயர், பிறகு வழி, பிறகு முகம். கடைசியில் அக்கா பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, "பஞ்சு, இந்தம்மா எந்நேரமா நிக்கிறாக, காப்பித்தண்ணி குடுத்தியாடி?" என்று கேட்டாள். அன்றைக்குப் பஞ்சவர்ணம் சிரித்தேவிட்டாள், கோபமில்லை, பரிகாசமில்லை, அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு இப்போது தன்மேல் வந்து விடியுமோ என்று இருந்தது. அக்காவை அவள் மகன்கள் பின்கட்டு அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். கெட்ட பையன்கள் இல்லை, ரோட்டுக்குப் போய்விடுகிறாள் என்று செய்தார்கள். ஆனால் பஞ்சவர்ணம் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாளை அவள் கையால்தான் நீக்க வேண்டியிருந்தது, திரும்பும்போது அவள் கையால்தான் போட வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து அக்கா மரியாதையாகக் கேட்பாள், யாருங்க, யாராச்சும் இருக்கீகளா? போன மாதம் தன் வீட்டுக்கே ஓர் ஆசாரி வந்தான். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பித்தளைத் தாழ்ப்பாள், புதுசு. என்னடீ இது என்றதற்கு உமா, "பூனை வருது அத்தை" என்றாள். எந்தப் பூனை தாழ்ப்பாளுக்குப் பயப்படும்? எந்தக் கதவு, உள்பக்கமா வெளிப்பக்கமா என்று அதற்குப் பிறகு அவள் போய்ப் பார்க்கவில்லை. பயம்தான், வேறென்ன. திருப்பூரில் இருக்கிற மகன் பாண்டியராசன் வாரம் ஒருமுறை வந்தால் இவள் அவன் முன்னால் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே இருப்பாள், பெயர் பெயராக, பார்த்துக்கொள்ளடா என் ஞாபகத்தை என்று. அவனும் உம் கொட்டுவான். உமாவின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையில் ஒன்றும் இருக்காது, ஒன்றும் இல்லாதது மாதிரி வைத்துக்கொள்வார்கள். உமா கெட்டிக்காரி. காலையில் பாருங்கள், கண்ணாடி முன்னால் நின்று குங்குமச் சிமிழைத் தேடினால் இருந்த இடத்தில் இல்லை, கேட்டதற்கு, நேரமாச்சு அத்தை, ஸ்டிக்கர் இருக்குல்ல என்று ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டாள். மாமியாரின் குங்குமத்தை எடுத்து இங்கே பொட்டு வைக்கக் கொண்டுவந்துவிட்டாளோ என்னவோ. ஆனாலும் சண்டைக்காரி இல்லை, அவுகளுக்கு மத்தியானச் சோறு எடுத்து வச்சிட்டியா என்று கேட்டால் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, சரி அத்தை என்பாள்.

தடுப்பூசிப் படத்தருகே கால் தானாக நின்றது. ஒரு புளியமரத்தடி, நடுவில் வெள்ளைச் சேலையில் ஒல்லியாக ஒரு பெண், கையில் ஊசி. அது தான்தான் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது, தெரிந்ததில் உயிர் வந்தது, நான் இன்னும் கண்ணாடிக்குக் காப்பி கொடுக்கிற கட்டத்துக்குப் போகவில்லை. பக்கத்தில் அழுகிற பிள்ளையைப் பிடித்திருக்கிறவள்... ஊர் வந்தது, வேலூர் இல்லை, வேலாங்குளம். பெயர் வரவில்லை. வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம். அவள் நடையைக் கூட்டினாள். அந்தக் காரே வந்து சேராமல் போகுமோ என்றுகூட ஒரு நினைப்பு முன்னே வந்து போயிருந்தது. நாலுவழிச் சாலை, எதிரே ஒரு மணல் லாரி. உயிரோடு இருக்கிறவருக்குப் பொட்டு வைத்தால் சும்மா போகுமா? அவர் வந்து சேர்ந்தால் தன் புத்தி கெட்டது ஊருக்குத் தெரியும், வந்து சேராவிட்டால் தன் விரல் கெட்டது. இரண்டில் எது வேண்டும் என்று மனசு ஒரு கணம் தராசைத் தூக்கிப் பார்த்ததே, சீ, அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

கண்மாய்ப் படம். பெருமழை வருஷத்தில் கரை உடைந்து, ஊரே கூடிச் சாக்குமூட்டை அடுக்கி உடைப்பை அடைத்த அன்று எடுத்தது. முழங்கால் வரை சேறோடு ஆண்கள் கரைமேல் நிற்கிறார்கள், பின்னால் தண்ணீர் வானம்வரை கிடக்கிறது. நடுவில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதைய பஞ்சாயத்துத் தலைவர் சேவுகமூர்த்தி. அவர் தலைக்கு மேல் பொட்டு, வட்டமாக, அழகாக. ஒவ்வொரு தலைக்கும் இருந்தது, ஓரத்தில் நின்ற ஒரு தலையைத் தவிர. அது அவள் வீட்டுக்காரர் ராசமாணிக்கம். பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை, மடை திறந்து மூடுவது. எல்லாரும் காமிராவைப் பார்க்க அவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மறுபடி கசியுதோ என்று. அந்த மனுஷருக்கு எப்போதும் அதே கவலைதான், படுக்கையில்கூட மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பஞ்சவர்ணம் விரலை நாக்கில் தொட்டுச் சேவுகமூர்த்தியின் தலைக்கு மேல் தேய்த்தாள். குங்குமம் போகவில்லை, இழுபட்டது. வட்டமாக இருந்தது நீளமாகி, நெற்றியில் வழிந்து, தலையில் வெட்டுப்பட்டவர் மாதிரி ஆனார். இன்னும் எச்சில் தொட்டாள். இன்னும் சிவந்தது. முந்தானையை எடுத்துத் துடைத்தாள். முந்தானை. ஈரம். எங்கோ இதே கை, இதே மாதிரி, குனிந்து...

"என்ன நர்சம்மா, என்னையப் போட்டுத் தேய் தேய்னு தேய்க்கிறீக?"

திரும்பினாள். கம்பு ஊன்றிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் அவரேதான். கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி எந்தக் குறையும் இல்லாமல் உயிரோடு இருந்தார். படத்தைப் பார்த்தார், மற்ற தலைகளின் பொட்டுகளைப் பார்த்தார், விஷயம் விளங்கியதும் கூடம் அதிரச் சிரித்தார். "அடி ஆத்தீ! என்னைய அதுக்குள்ள அனுப்பிச்சு வச்சுட்டீகளா?"

"அப்பா, சத்தம் போடாதீங்க" என்றாள் மகள்.

"விடு தாயீ. செத்துட்டான்னு பேரு வந்தா ஆயுசு கூடும்பாக. நர்சம்மா கையால கூடுனா நல்லதுதான்." கண்ணைச் சுருக்கிப் படத்தின் ஓரத்துக்குக் குனிந்தார். சிரிப்பு அடங்கியது. "எனக்கு வச்சதை மாணிக்கத்துக்கு வைக்காம விட்டுட்டீகளே. பாவம், தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கிறான் பாருங்க." பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோல மகள் பக்கம் திரும்பி, "அன்னைக்கு மழைன்னா மழை. ஷாமியானால தண்ணி கோத்து நிக்குதேன்னு நாந்தான் கம்பை வச்சுக் குத்துனேன், அது சரிஞ்சு மாணிக்கம் கால்ல கொட்டிருச்சு. இந்தம்மா ஓடியாந்து முந்தானையால தொடச்சாக. இன்னைக்கும் மனசு கேக்கலை எனக்கு. போற மனுசனை நனைச்சுப்புட்டேனே."

கூடத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் அசையவில்லை. அசைந்தால் கீழே ஏதோ விழுந்துவிடும் போல இருந்தது. கம்பு வைத்திருந்தவர் சேவுகமூர்த்தி. சரி. அதனால்தான் அந்த முகம் அங்கே இருந்தது. மழை சரி, தண்ணீர் சரி, சில்லென்ற பாதம் சரி, குதிகால் சேறு சரி, எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தாள், பெஞ்சில் படுத்திருந்தவரை மட்டும் தூக்கி வீட்டில் உட்கார வைத்துவிட்டாள். அப்படியானால் முந்திரி பொறுக்கினது யாருக்கு? அப்படியானால் நேற்று மத்தியானம், முந்தாநாள் மத்தியானம், சோறு எடுத்து வை என்றபோதெல்லாம்... அவள் தலையைத் திருப்பி உமாவைத் தேடினாள். உமா கத்தரிக்கோலும் தட்டுமாகப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. சேவுகமூர்த்தி சொன்னதைக் கேட்டு ஐயையோ என்று ஆகவில்லை, அத்தைக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று விழிக்கவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த குடத்தை இறக்கி வைக்கலாமா கூடாதா என்று கேட்கிற முகம். சரி அத்தை, சரி அத்தை என்று ஒவ்வொரு நாளும் சொன்ன அந்தச் சரி என்ன என்று இப்போதுதான் பஞ்சவர்ணத்துக்குப் புரிந்தது. தன் மறதியை ஊரிடமிருந்து ஒளித்தாள், மகனிடமிருந்து ஒளித்தாள், ஒளித்து ஒளித்து இளைத்துப்போனாள், ஒளிக்க வேண்டியது இன்னதென்று அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மகள் தகப்பனாரை நாற்காலிப் பக்கம் கூட்டிப்போனாள். பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்: "எப்ப இருந்துடீ நான் இப்படி?"

"ஆடியில இருந்து அத்தை."

"பொட்டு வைக்கிறப்ப நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன். மாமாவை விட்டுட்டீங்கன்னு அருள்தாஸ் சாரும் பாத்தாரு. நீங்களா வைக்கிறப்ப வைக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். சேவுகமூர்த்தி அய்யாவை எனக்குத் தெரியாது, இல்லாட்டி அதையாவது தடுத்திருப்பேன்."

"அந்தத் தாழ்ப்பாள்? எந்த ரூமுக்குடி போட்ட? வெளிய போட்டியா, உள்ள போட்டியா?"

உமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசக்கதவுக்கு அத்தை. உள்பக்கம், உசரத்துல. ரெண்டு மூணு தடவை விடியறதுக்குள்ள எந்திரிச்சுக் கண்மாய்க்கரைக்குப் போய் நின்னீங்க. மாமா மடையப் பாக்கப் போனாக, இன்னும் வரலைன்னு. சேலையெல்லாம் நெருஞ்சிமுள்ளு."

அது பஞ்சவர்ணத்துக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இருட்டில் கரையில் நின்றிருக்கிறாள், முள் குத்தியிருக்கிறது, உமா கூப்பிட்டு வந்திருக்கிறாள், அதில் ஒரு முள்ளின் வலிகூட மிச்சமில்லை. இதைவிடப் பெரிய பயம் அவள் ஆயுளில் வந்ததில்லை. பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்றபோதுகூட வந்ததில்லை, அப்போது கை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. படத்தைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தடவைதான் போனார், ஆனால் இனி ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் புதுசாகப் போவார், ஒவ்வொரு தடவையும் மழை பெய்யும்.

"உமா. நாளைக்கு நான் அவுகளுக்குச் சோறு கட்டச் சொல்லுவேன்."

"சொல்லுங்க அத்தை. கட்டுறேன்."

"கட்டாத. வாயாலயும் சொல்லாத, தாங்கமாட்டேன். இந்தப் படத்தை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து மாட்டு. என்னையக் கூட்டிட்டுப் போய் அதுக்கு முன்னால நிறுத்து. நானே பாத்துக்கிறேன்."

தட்டில் குங்குமம் இருந்தது. அவள் விரலைத் தோய்த்தாள். உமா முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். ராசமாணிக்கத்தின் தலைக்கு மேல், அவர் பார்க்கிற தண்ணீரில் படாமல், ஒரு பொட்டு வைத்தாள். கோணலாகத்தான் விழுந்தது. வாசலில் ஆட்சியர் வந்துவிட்டார் போல, எல்லாரும் எழுந்தார்கள். விரலில் குங்குமம் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்குத் தன் நெற்றிக்குப் போனது, கறுப்பு ஸ்டிக்கர் பொட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் அந்த விரலை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு வைங்க அத்தை" என்றாள் பக்கத்தில் நின்றவள், தலையைக் குனிந்து.

"நான் வைக்கக் கூடாதுடி."

"வைங்க."

பஞ்சவர்ணம் அந்த நெற்றியில் விரலை வைத்தாள். வைத்ததும் எல்லாம் ஒரு கணம் வெறுமையாகிவிட்டது, வகிடு தெரிந்தது, வியர்வை தெரிந்தது, யாருடைய நெற்றி என்று தெரியவில்லை. கத்தவில்லை. வாசலில் கைதட்டல் கேட்டது. பெயர் வரும்வரை அவள் விரலை எடுக்கவில்லை. வந்தது. "உமா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள்.